வளவில் தலை திருப்பும் கேமரா

காரைக்குடி வட்டாரத்துக் கிராமம் ஒன்றிலிருந்து 64 வயது ஆச்சி ஒருவர் எழுதியிருக்கிறார். கோடு போட்ட தாளில் ஆறு பக்கம். "வீட்டில் உட்கார்ந்து எழுதினால், என்ன எழுதுகிறாய் ஆத்தா என்று சிங்கப்பூரிலிருந்து மகன் கேட்பான். அதனால் சிவன் கோயில் மண்டபத்தில் இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன்" என்று கடிதம் தொடங்குகிறது. அந்த ஒரு வரிக்காகவே, கையில் இருந்த மற்றக் கடிதங்களைத் தள்ளிவைத்துவிட்டு இதற்கு முதலில் பதில் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

கடிதத்தின் சுருக்கம் இது. வீடு மாமனார் காலத்தது. மூன்று புள்ளிக்கும், அதாவது மூன்று பங்காளிக் குடும்பத்துக்கும், பொது; பாகம் பிரிக்கவில்லை. கணவர் இறந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. ஆச்சி ஒரு பக்கம் இருக்கிறார், கொழுந்தனாரும் ஓரகத்தியும் மறுபக்கம் இருக்கிறார்கள். மூன்றாவது பங்காளி சென்னையில் இருக்கிறார், முன்னோருக்குச் செய்யும் படைப்புக்கும் பொங்கலுக்கும் வந்துபோவார். போன கார்த்திகை மழையில் குளியலறையில் ஆச்சி வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. கூப்பிட்ட குரல் யாருக்கும் கேட்கவில்லை. முக்கால் மணி நேரம் தரையிலேயே கிடந்திருக்கிறார். தை மாதம் ஊருக்கு வந்த மகன் ஐந்து கேமராக்களை மாட்டினார். தெருவாசலில் ஒன்று, முகப்பில் ஒன்று, நடுமுற்றத்தைச் சுற்றிய வளவில் ஒன்று, சாப்பிடும் இடமான இரண்டாம் கட்டில் ஒன்று, அடுப்படியில் ஒன்று. கூடவே, கேட்டால் பாட்டுப் போடும், மணி சொல்லும் ஒரு பேசும் ஸ்பீக்கரும் வந்தது.

"வளவில் இருப்பது தலை திருப்பும் கேமரா. மகன் போனில் தள்ளினால் இங்கே மெல்ல 'கிர்' என்று சத்தம் வரும். என் அறை வாசல் பக்கம் அது திரும்பும்போது எனக்கு வயிற்றைப் பிசைகிறது. அதிலிருந்தே அவன் குரலும் வரும். மாத்திரை சாப்பிட்டாயா, ஏன் இன்னும் விளக்குப் போடவில்லை என்று கேட்பான். ஒருநாள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு இருந்தேன், துண்டை எடுத்து அதன்மேல் போட்டேன். பத்து நிமிடத்தில் போன் வந்துவிட்டது." மாசியில் ஆச்சிக்கும் ஓரகத்திக்கும் வளவில் ஏதோ வாய்ப்பேச்சு நடந்திருக்கிறது. அதன் ஒரு நிமிடக் காட்சியை மருமகள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் விளையாட்டாகப் போட்டுவிட்டார். ஓரகத்தி பேசுவதை நிறுத்திவிட்டார். கொழுந்தனாரிடமிருந்து வழக்கறிஞர் நோட்டீஸ் வந்திருக்கிறது, 15 நாள் கெடு.

ஆச்சியின் கேள்விகள்: மகன் கேட்டபோது சரி என்றுதானே சொன்னேன், இனி மறுக்க எனக்கு உரிமை உண்டா? போலீஸ் வருமா? முழங்கால் வலியைப் பற்றிப் பேசினால் மறுநாளே போனில் முழங்கால் பட்டை விளம்பரம் வருகிறதே, ஸ்பீக்கர் ஒட்டுக்கேட்கிறதா? 'என் படங்களைப் பயன்படுத்த அனுமதி இல்லை' என்று வந்த செய்தியை எல்லோருக்கும் அனுப்பினேன், அது காப்பாற்றுமா? புதுச் சட்டத்தில் 250 கோடி வரை கிடைக்கும் என்கிறார்களே? கடைசியாக, "மறைக்க உனக்கு என்ன இருக்கிறது என்று மகன் கேட்கிறான். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை."

அன்புள்ள ஆச்சிக்கு,

உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் அதற்குள்தான் இருக்கின்றன. மறைக்க எதுவும் இல்லாதவர்களுக்குத் தனிமை எதற்கு என்ற வாதத்தை நன்றாகப் படித்தவர்களே சொல்கிறார்கள். அதற்குப் பதில் உங்கள் வீட்டிலேயே இருக்கிறது. வந்தவர் போனவர் உட்கார முகப்பு. கல்யாணமும் படைப்பும் நடக்க வளவு. சாப்பாட்டுக்கு இரண்டாம் கட்டு, அதற்கும் பின்னே அடுப்படி. வளவைச் சுற்றி ஒவ்வொரு புள்ளிக்கும் ஓர் அறை, அதன் சாவி அந்தப் புள்ளியிடம். முகப்பில் உட்கார்ந்திருக்கும் விருந்தாளி கேட்காமல் இரண்டாம் கட்டுக்குள் நுழைய மாட்டார். அந்த வீட்டைக் கட்டியவர்கள் எதையோ மறைப்பதற்காகக் கட்டுக் கட்டாகப் பிரிக்கவில்லை. யார் எதுவரை வரலாம் என்பதை வீட்டில் இருப்பவர் முடிவுசெய்ய வேண்டும் என்று கருதினார்கள். தனியுரிமை என்று சட்டம் சொல்வதும் இதைத்தான்.

2012இல் ஆதாரை எதிர்த்து உச்ச நீதிமன்றம் போனவர் கே.எஸ். புட்டசாமி, கர்நாடக உயர் நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி. அப்போது அவருக்கு வயது 86. அந்த வழக்கில் 2017 ஆகஸ்டு 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமித்து, தனியுரிமை அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு தரும் உயிருக்கும் சுதந்திரத்துக்குமான உரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்தார்கள். வயதானவர்களுக்கு இதெல்லாம் எதற்கு என்று யாராவது கேட்டால், இந்த நாட்டுக்கு அந்த உரிமையை வாங்கித் தந்தவரே 86 வயதில் வழக்குப் போட்டவர் என்று சொல்லுங்கள்.

உங்கள் மகன் கெட்ட எண்ணத்தில் எதையும் செய்யவில்லை. நீங்கள் முக்கால் மணி நேரம் தரையில் கிடந்தீர்கள் என்ற செய்தியோடு 3,000 கிலோமீட்டருக்கு அப்பால் தூங்கப்போகிற பிள்ளையின் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு தரம் படித்தபோது ஒன்று கண்ணில் பட்டது. நீங்கள் விழுந்தது குளியலறையில். ஐந்து கேமராவில் ஒன்றும் அங்கே இல்லை, இருக்கவும் கூடாது. நாளைக்கு அதே இடத்தில் மறுபடி விழுந்தால், ஐந்து கேமராவும் வெறும் வளவையும் வெறும் அடுப்படியையும்தான் சிங்கப்பூருக்குக் காட்டிக்கொண்டிருக்கும். மகனிடம் பேசும்போது உரிமை, சட்டம் என்று தொடங்காதீர்கள். இதிலிருந்து தொடங்குங்கள்.

சரி என்று சொன்னது

"ஒத்துக்கொண்டுவிட்டேன், இனி எந்த முகத்தோடு மறுப்பது" என்று எழுதியிருக்கிறீர்கள். இது தவறான எண்ணம். கட்டுப் போட்ட கையோடு, பிள்ளை ஊருக்குத் திரும்பும் அவசரத்தில், கேமரா வைக்கிறேன் ஆத்தா என்றபோது சரி என்றீர்கள். அது தலை திருப்பும், பேசும், ஒலியைப் பதிவுசெய்யும், காட்சி ஏதோ ஒரு நிறுவனத்தின் சர்வரில் தங்கும், மருமகளும் பார்ப்பார் என்று யாரும் உங்களிடம் சொல்லவில்லை. தெரியாத ஒன்றுக்குச் சொன்ன சரி, முழுச் சம்மதம் ஆகாது. தெரிந்தே சொல்லியிருந்தாலும், கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறலாம். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சம்மதம் தருவது எவ்வளவு எளிதோ அதே அளவு அதைத் திரும்பப் பெறுவதும் எளிதாக இருக்க வேண்டும் என்று நிறுவனங்களுக்குச் சொல்கிறது. முன்பின் தெரியாத நிறுவனத்திடம் உங்களுக்கு இருக்க வேண்டிய உரிமை பெற்ற பிள்ளையிடம் இல்லாமல் போகுமா?

இதில் சட்டத்தின் எல்லையையும் நேராகச் சொல்லிவிட வேண்டும். தனி ஒருவர் தம் சொந்த அல்லது வீட்டுத் தேவைக்காகத் தரவைக் கையாண்டால் அந்தச் சட்டம் பொருந்தாது என்று 3ஆம் பிரிவிலேயே விலக்கு இருக்கிறது. மகன் தாயைப் பார்க்க வைத்த கேமரா அதற்குள் வந்துவிடும். ஆகவே அந்தச் சட்டத்தைக் காட்டி மகன்மேல் புகார் கொடுக்க முடியாது. பெற்றோர் பராமரிப்புச் சட்டத்தின்படி கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்கலாம் என்று யாராவது யோசனை சொல்வார்கள். அது சோறு போடாத பிள்ளைகளுக்கான வழி. உங்கள் பிள்ளை அப்படிப்பட்டவர் அல்ல, அந்தப் பக்கம் போகவே வேண்டாம்.

ஓரகத்தி சொல்வதில் இருக்கும் நியாயம்

இந்த இடத்தில் நீங்கள் எதிர்பார்க்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. "என் மகன் காசில் வாங்கிய கேமரா, எங்கள் வீட்டில் இருக்கிறது, இவர்களுக்கு என்ன" என்று எழுதியிருக்கிறீர்கள். கேமரா உங்கள் மகனுடையதுதான். வளவு மூன்று புள்ளிக்கும் உரியது. பாகம் பிரிக்காத சொத்தில் ஒவ்வொரு கூட்டு உரிமையாளருக்கும் பொது இடம் முழுவதையும் பயன்படுத்தும் உரிமை உண்டு, மற்றவர் அதே உரிமையைப் பயன்படுத்துவதற்கு இடையூறு செய்யாத வரை. உங்கள் ஓரகத்தி காலையில் தலை உலர்த்துவதும், மதியம் தூணில் சாய்ந்து கண்ணயர்வதும் அந்த வளவில்தான். அவரிடம் யாரும் கேட்கவில்லை. உங்களிடமாவது ஒரு வார்த்தை கேட்டார்கள்.

கொல்கத்தாவில் ஒரே வீட்டைப் பகிர்ந்து குடியிருக்கும் அண்ணன் தம்பிகளுக்கு இடையே இதே பிரச்சினை வந்தது. குடியிருக்கும் பகுதிக்குள், உடன் வசிப்பவரின் சம்மதம் இல்லாமல் கேமராக்களை இயக்குவது தனியுரிமை மீறல் என்று கல்கத்தா உயர் நீதிமன்றம் 2025 பிப்ரவரியில் சொன்னது. அதே ஆண்டு மே மாதம் உச்ச நீதிமன்றம் அதில் தலையிட மறுத்தது. கல்கத்தா தீர்ப்பு நம் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளையைக் கட்டுப்படுத்தாது. ஆனாலும் தேவகோட்டையிலோ காரைக்குடியிலோ உரிமையியல் நீதிமன்றத்தில் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) கேட்டு உங்கள் கொழுந்தனார் வழக்குப் போட்டால், அவருடைய வழக்கறிஞர் முதலில் நீட்டும் தாள் அதுவாகத்தான் இருக்கும். வளவு, இரண்டாம் கட்டு இரண்டிலும் உங்கள் தரப்பு பலவீனமானது. தெருவாசல் கேமராவுக்கும் முகப்புக் கேமராவுக்கும் நியாயம் சொல்லலாம். பழைய தூணுக்கும் கதவுக்கும் திருடர்கள் வருகிற காலம் இது, பூட்டிக் கிடக்கும் வீடுகள் நம் பக்கத்தில் ஏராளம். அதிலும் பங்காளிகள் மூவரும் எழுத்தில் ஒத்துக்கொள்வது நல்லது.

போலீஸ் பற்றிய பயம் வேண்டாம். வளவில் நடந்த வாய்ப்பேச்சைக் குழுவில் போட்டது மனத்தை நோகச்செய்யும் செயல், ஆனால் அதற்காக யாரையும் பிடித்துப்போக மாட்டார்கள். ஒரு விஷயத்தில் மட்டும் மிகவும் கவனம் வேண்டும். ஒரு பெண் தன்னை யாரும் பார்க்க மாட்டார்கள் என்று நம்பக்கூடிய இடத்தில் உடை மாற்றுவதையோ குளிப்பதையோ பார்ப்பதும் படம் எடுப்பதும் குற்றங்களுக்கான சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 77ஆம் பிரிவின்படி குற்றம். முதல் தடவைக்கே ஓராண்டு முதல் மூன்றாண்டு வரை சிறை. படம் எடுக்கச் சம்மதித்திருந்தாலும், அதை மூன்றாவது ஆளுக்குப் பரப்பச் சம்மதிக்கவில்லை என்றால் பரப்பியதும் அதே குற்றம். உங்கள் அறை வாசலை நோக்கித் திரும்பும் கேமராவில், கதவு திறந்திருக்கும்போது அறைக்குள் எதுவரை தெரிகிறது என்று மகனைப் பார்த்துச் சொல்லச் சொல்லுங்கள். எண்ணெய் தேய்த்துக் குளிக்கும் நாளில் பதிவான காட்சி சர்வரில் இருந்தால் அதை அவர் இன்றே அழிக்க வேண்டும். மகனின் கண் பற்றிய பேச்சு அல்ல இது. அந்தக் கணக்குக்குள் வேறு யார் கண்ணெல்லாம் நுழைய முடியும் என்பதுதான் என் கவலை.

காட்சி வீட்டைத் தாண்டிய பிறகு

கேமராவை மாட்டியவர் யார் என்று நீங்கள் எழுதவில்லை. கடையிலிருந்து வந்த பையன் என்றால் ஒன்று கேளுங்கள். அவர் தம் போனில் கணக்கைத் தொடங்கி, ஓடிபியைத் தாமே வாங்கிப் போட்டு, பிறகு உங்கள் மகனைச் சேர்த்துவிட்டுப் போனாரா? அப்படியானால் இன்றைக்கும் அந்த வீட்டின் முதல் சாவி அவரிடம் இருக்கிறது. போன வருடம் என்னிடம் வந்த குடும்பம் ஒன்றில், கேமரா மாட்டியவர் கடையை விட்டுப் போய் எட்டு மாதம் ஆன பின்னும் அவருடைய பெயர் பயனர் பட்டியலில் இருந்தது. அவர் எதையும் பார்க்கவில்லை, நல்ல மனிதர். ஆனால் பார்த்திருக்கலாம்.

2025இல் குஜராத்தின் ராஜ்கோட்டில் ஒரு மகப்பேறு மருத்துவமனையின் கேமராக் காட்சிகள் வெளியே விற்கப்பட்ட செய்தியைப் படித்திருப்பீர்கள். கேமராவோடு வந்த கடவுச்சொல்லை மாற்றாமல் விட்டதுதான் அங்கே நடந்த பெரிய பிழை. பெரிய நிறுவனம் என்றால் பயமில்லை என்றும் நினைக்க வேண்டாம். அமேசானின் ரிங் கேமரா நிறுவனத்தில் ஊழியர் ஒருவர் பெண் வாடிக்கையாளர்களின் அந்தரங்க இடங்களில் பதிவான காட்சிகளை ஆயிரக்கணக்கில் பார்த்ததாக அமெரிக்க ஃபெடரல் டிரேட் கமிஷன் 2023இல் குற்றம் சாட்டியது. நிறுவனம் 58 லட்சம் டாலர் கொடுத்து அதை முடித்துக்கொண்டது. உங்கள் மகன் வாங்கிய கேமரா எந்த நிறுவனத்துடையதோ, அங்கே அப்படி நடக்கிறது என்று நான் சொல்லவில்லை. அந்தக் காலத்தில் கடையின் பெட்டியடியில் எழுதிய கணக்குப் பேரேட்டை முதலாளியும் கணக்கப்பிள்ளையும்தான் பார்த்தார்கள். இந்தப் பேரேட்டை யார் யார் புரட்டலாம் என்று நமக்குத் தெரிய வழியில்லை. அதனால் அதில் எதை எழுதவிடுவது என்பதில்தான் நம் கையில் அதிகாரம் இருக்கிறது.

அந்த 250 கோடி பற்றி. தனிநபர் தரவைப் பாதுகாக்கத் தவறும் நிறுவனத்துக்கு 250 கோடி ரூபாய் வரை அபராதம் போடலாம் என்பது உண்மை. அது இந்திய அரசின் தொகுப்பு நிதிக்குப் போகும். பாதிக்கப்பட்டவர் கைக்கு ஒரு ரூபாயும் வராது. விதிகள் 2025 நவம்பரில்தான் அறிவிக்கப்பட்டன. நிறுவனங்களின் முக்கியக் கடமைகள், தரவை அழிக்கச் சொல்லும் நம் உரிமை எல்லாம் அறிவித்த காலவரிசைப்படி 18 மாதம் கழித்து, அதாவது 2027 மே மாதம்தான் நடைமுறைக்கு வருகின்றன. இப்போதைக்கு உங்களுக்குக் கைகொடுக்கக்கூடியது 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம். நம்பிக் கொடுத்த சொந்த விவரத்தைச் சட்டத்துக்குப் புறம்பாக வேறு ஒருவருக்கு வெளியிடுவது நேர்மையற்ற வணிக நடைமுறை என்று அதில் இருக்கிறது. நிறுவனமோ கடையோ காட்சியைக் கசியவிட்டது என்று தெரிந்தால் சிவகங்கை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் மனுப் போடலாம். கேமராவின் விலை 5 லட்சத்துக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. வாங்கிய பில் மகன் பெயரில் இருக்கும், ஆகவே அவரும் சேர்ந்து கையெழுத்திடட்டும். 1915 என்ற எண்ணில் முதலில் கேட்டும் பார்க்கலாம். ஆனால் உங்கள் கடிதத்தில் இதுவரை எந்தக் கசிவும் இல்லை, இருப்பது குடும்பக் குழுவில் வந்த ஒரு நிமிடக் காட்சி மட்டும்தான். ஆகவே இது பின்னால் தேவைப்பட்டால் என்று குறித்துவைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்பீக்கரும் முழங்கால் பட்டையும்

போனோ ஸ்பீக்கரோ நாள் முழுவதும் நாம் பேசுவதைக் கேட்டு விளம்பரம் அனுப்புகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை. இதைச் சொன்னால் என் வீட்டிலேயே நம்ப மாட்டார்கள். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். முழங்கால் வலிக்கு மருந்துக் கடையில் தைலம் வாங்கியபோது பில்லுக்குப் போன் எண் கேட்டார்களா? மருமகள் உங்களுக்காகப் பட்டை தேடிப் பார்த்தாரா? உங்கள் வைஃபையைப் பயன்படுத்தும் ஓரகத்தி வீட்டுப் பிள்ளை ஏதாவது காணொளி பார்த்தாரா? உங்கள் வயதும் ஊரும் நீங்கள் பார்க்கும் காணொளிகளும் அவர்களிடம் ஏற்கெனவே இருக்கின்றன. 64 வயதுக்காரருக்கு முழங்கால் வலிக்கும் என்று கண்டுபிடிக்க ஒட்டுக்கேட்கத் தேவையே இல்லை. எனக்கு இதுதான் ஒட்டுக்கேட்பதைவிட அதிகம் கவலை தருகிறது, ஏனென்றால் குரலைத் தாழ்த்திப் பேசி இதிலிருந்து தப்ப முடியாது. ஒன்று செய்யலாம். பில்லுக்குப் போன் எண் கொடுத்தே ஆக வேண்டும் என்று கடைக்காரர் வற்புறுத்தக் கூடாது என்று மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 மே மாதமே அறிவுறுத்தியிருக்கிறது. எண் தர விருப்பமில்லை என்று சொல்லுங்கள், பில் வரும்.

ஸ்பீக்கர் முழு யோக்கியம் என்றும் சொல்ல மாட்டேன். அதன் பெயரைச் சொன்னால் விழித்துக்கொண்டு பதிவுசெய்யும். அதே போல ஒலிக்கும் வேறு சொல்லைக் கேட்டும் சில நேரம் விழித்துக்கொள்ளும். ஆப்பிள் போனில் பேசும் 'சிரி' என்ற குரல் உதவியாளர் இப்படித் தவறாக விழித்துப் பேச்சுகளைப் பதிவுசெய்தது என்ற வழக்கில், குற்றத்தை ஒத்துக்கொள்ளாமலே 9.5 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்ய ஆப்பிள் நிறுவனம் முன்வந்தது 2025 ஜனவரியில் வெளியானது. அமேசானின் எக்கோ ஸ்பீக்கர்கள் சிலவற்றில் குரல் பதிவை நிறுவனத்துக்கு அனுப்பாமல் வைத்துக்கொள்ளும் வசதி இருந்தது. 2025 மார்ச் 28 முதல் அதையும் எடுத்துவிட்டார்கள். உங்கள் ஸ்பீக்கரின் தலையில் மைக்கை நிறுத்தும் பொத்தான் இருக்கும். எக்கோ என்றால் அழுத்தியதும் சிவப்பு விளக்கு எரியும், அது கேட்கவில்லை என்று பொருள். பாட்டுக் கேட்கும் நேரத்துக்கு மட்டும் திறந்துவையுங்கள்.

'அனுமதி இல்லை' என்று எல்லோருக்கும் அனுப்பிய செய்திக்குச் சட்டத்தில் எந்த மதிப்பும் இல்லை. கணக்குத் தொடங்கும்போது ஒத்துக்கொண்ட நிபந்தனையை ஒரு செய்தியை அனுப்பி மாற்ற முடியாது, அமைப்புகளில் போய்த்தான் மாற்ற வேண்டும். வாட்ஸ்அப்பில் நீங்கள் எழுதுவதை நிறுவனம் படிக்க முடியாதபடி பூட்டித்தான் அனுப்புகிறார்கள். யார் யாரோடு, எப்போது, எத்தனை தடவை பேசினார் என்பது அந்தப் பூட்டுக்கு வெளியே. 2021இல் 'ஒத்துக்கொள், இல்லையென்றால் வெளியே போ' என்ற வகையில் தனியுரிமைக் கொள்கையை மாற்றியதற்காக வாட்ஸ்அப்பின் உரிமையாளரான மெட்டா நிறுவனத்துக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயமும் அடுத்த ஆண்டு அந்த அபராதத்தை உறுதிசெய்தது. உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது ஆச்சி, அனுப்பிய செய்திதான் வேலைக்கு ஆகாது.

இனி என்ன செய்யலாம்

வளவு, இரண்டாம் கட்டு, அடுப்படி மூன்றிலும் உள்ள கேமராக்களைக் கழற்றச் சொல்லுங்கள். மகன் உடனே ஒத்துக்கொள்ளாவிட்டால் இடைக்கால ஏற்பாடாக, அவை நீங்கள் ஊரில் இல்லாத நாள்களில் மட்டும் ஓடட்டும். மின்செருகியைப் பிடுங்கிவைக்கும் அதிகாரம் உங்கள் கையில் இருக்கட்டும். தெருவாசல், முகப்புக் கேமராக்களுக்கு ஒலிப்பதிவை நிறுத்திவிடலாம், காட்சியை வீட்டிலேயே மெமரி கார்டில் வைக்கலாம். கடவுச்சொல்லை மாற்றி, பயனர் பட்டியலில் மகன் பெயரைத் தவிர மற்றவற்றை நீக்கச் சொல்லுங்கள். கடவுச்சொல்லோடு ஓடிபி போன்ற இன்னொன்றையும் கேட்கும் இரட்டைச் சரிபார்ப்பை இயக்கச் சொல்லுங்கள்.

விழுவதைத் தடுப்பதற்குக் கேமரா விலையில் பாதிகூட ஆகாது. குளியலறைச் சுவரில் இரண்டு எஃகுக் கைப்பிடி, ஈரத்தில் வழுக்காத ரப்பர் விரிப்பு, இரவு முழுவதும் எரியும் சிறு விளக்கு. ஆத்தங்குடிக் கல் போட்ட தரையில் எண்ணெய்க் காலோடு நடக்க வேண்டாம் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கழுத்தில் மாட்டிக்கொள்ளும் அழைப்புப் பொத்தான் கிடைக்கிறது. அழுத்தினால் மகனுக்கும் பக்கத்து வீட்டுக்கும் போன் போகும், நீங்கள் அழுத்தாத வரை யாரும் உங்களைப் பார்க்க முடியாது. நனைந்தாலும் கெடாத வகையாகப் பார்த்து வாங்கச் சொல்லுங்கள், குளியலறைக்குள் அது வேண்டும். காலை ஏழு மணிக்கும் இரவு எட்டு மணிக்கும் நீங்களே மகனுக்குப் போன் செய்வதாகச் சொல்லுங்கள். ஏழே காலுக்குள் போன் வரவில்லை என்றால் அவர் கூப்பிட வேண்டிய ஆள் உங்கள் ஓரகத்தி. அவரைவிடப் பக்கத்தில் யாரும் இல்லை. நீங்கள் விழுந்த அன்று அவர் திருச்சிக்குப் போயிருந்தார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள்.

இதையெல்லாம் ஒரு பக்கத்தில் எழுதி மூன்று புள்ளியும் கையெழுத்துப் போடுங்கள். கல்யாணத்துக்கே இசைகுடிமானம் என்ற திருமண உடன்படிக்கை எழுதிக் கையெழுத்திடுகிறவர்கள் நீங்கள், ஐந்து கேமராவுக்கு ஒரு தாள் எழுதுவதில் யாருக்கும் மனக்குறை வராது. எந்த இடத்தில் கேமரா, யார் பார்க்கலாம், எத்தனை நாள் வைத்திருக்கலாம், காட்சியைக் குழுவில் போடக் கூடாது என்று நான்கு வரி போதும்.

"கேமராவைக் கழற்றச் சொன்னால், வீட்டைப் பூட்டிவிட்டுச் சிங்கப்பூருக்கு வா என்பான்" என்ற உங்கள் பயத்துக்கு நான் சட்டத்தில் பதில் தேடினேன், அது சட்டத்துக்குள் வரும் விஷயம் இல்லை. ஒன்றை மட்டும் செய்து பாருங்கள். கோயில் மண்டபத்தில் உட்கார்ந்து எழுதினேன் என்ற அந்த வரியை மகனிடம் போனில் அல்லாமல், கடிதமாக எழுதி அனுப்புங்கள். நீங்கள் அங்கே போய் எழுத வேண்டியிருந்தது என்பது அவருக்குத் தெரியாது. தெரிந்தால் அவர் கழற்றிவிடுவார் என்றே நினைக்கிறேன்.

நோட்டீஸைப் பதில் இல்லாமல் விடக் கூடாது. பின்னால் நீதிமன்றத்தில் அது உங்களுக்கு எதிராகப் பேசப்படும். 'உட்பகுதிக் கேமராக்களை நிறுத்திவிட்டோம், வெளிப்புறக் கேமராக்களைப் பற்றிப் பேசி எழுதிக்கொள்ளத் தயார்' என்று பதிவுத் தபாலில் ஒரு பதில் போதும். உங்கள் ஊர் வழக்கறிஞர் யாராவது எழுதித் தருவார். நோட்டீஸ் நகலோடு, ஒவ்வொரு கேமராவும் எந்தப் பக்கம் பார்க்கிறது என்ற படத்தையும் எடுத்துப் போங்கள். பதில் தபாலில் போகும் முன், மருமகளைக் குழுவிலிருந்து அந்தக் காட்சியை நீக்கச் சொல்லிவிட்டு, நீங்களே வளவைக் கடந்து ஓரகத்தியிடம் போய், என்ன செய்யப்போகிறீர்கள் என்று முதலில் அவரிடம் சொல்லுங்கள்.